பேஸ்பால் சிகரெட் அட்டை வாங்கப் போகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

அந்தக் காலத்து அமெரிக்கச் சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த பழைய பேஸ்பால் அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். யார் இந்த ஆள், பெரிய ஆட்டக்காரனா, எவ்வளவு போகும் என்று கேட்கிறார்கள். நான் முதலில் அதைத் திருப்புவேன். ராயப்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் ரீடச்சிங் மேசையில் வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்ததும் அதிலேயே கலர் பிரிக்கும் வேலைக்கு மாறி, ஓய்வு பெற்றவள் நான். காலண்டர், சோப்பு டப்பா, ஊதுபத்தி அட்டை என்று வாழ்நாள் முழுக்க விளம்பரக் காகிதத்தையே பார்த்த கண்ணுக்கு இந்த அட்டைகள் விளையாட்டுச் சாமானாகத் தெரிவதில்லை. இவை புகையிலைக் கம்பெனிகளின் நோட்டீஸ். ஆட்டக்காரர் படம் தூண்டிலில் மாட்டிய புழு. கம்பெனி சொல்ல வந்தது பின்பக்கத்தில் இருக்கிறது. அட்டை எப்போது வந்தது, எந்த ஊரில் பாக்கெட்டுக்குள் போனது, அசலா நகலா, விலை ஏன் இவ்வளவு என்பதற்கெல்லாம் பாதி பதில் அங்கேதான்.

என் தங்கை மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, "பெரியம்மா, நூறு வருஷத்துப் பிரிண்டிங், உங்களுக்குத்தான் சரியா இருக்கும்" என்று ஒரு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. இப்போது தபால்தலை சேர்க்கும் நண்பர்களும், கிரிக்கெட் பைத்தியங்களும், அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற பெற்றோர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த அட்டைகளைப் பார்ப்பது, வாங்குவது, கெடாமல் வைப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அட்டை ஏன் வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாவிட்டால் பின்பக்கம் வெறும் எழுத்தாகத்தான் தெரியும். 1880 வரை சிகரெட்டும் பீடி போலக் கைவேலைதான். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனியில் இளம்பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டினார்கள். 1881-ல் ஜேம்ஸ் பான்சாக் என்பவர் சிகரெட் சுருட்டும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். நல்ல ஓட்டத்தில் ஒரு மெஷின் ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் சிகரெட்டைத் தள்ளும். வட கரோலினாவின் டர்ஹாமில் ஜேம்ஸ் டியூக் அதை நம்பி இறங்கினார். சரக்கு குவிந்தது, குடிப்பவர் எண்ணிக்கை அந்த வேகத்தில் ஏறவில்லை. அப்புறம் என்ன, விளம்பரம்தான்.

அந்தக் காலத்துப் பாக்கெட் மெல்லிய காகிதம். சட்டைப் பையில் வைத்தால் சிகரெட் நசுங்கிவிடும். அதனால் உள்ளே ஒரு கெட்டி அட்டை செருகினார்கள். எப்படியும் அட்டை போகிறது, அதில் ஒரு படம் அடித்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நடிகைகள், பறவைகள், கொடிகள், குத்துச்சண்டைக்காரர்கள் என்று எதை எதையோ அடித்தார்கள். நடிகை படங்கள் டியூக்கின் தகப்பனாருக்கே பிடிக்காமல் மகனுக்குக் கடிதம் எழுதினாராம். ஆலன் அண்ட் ஜின்டர் 1887-ல் உலகச் சாம்பியன்கள் என்று 50 அட்டை கொண்ட வரிசை ஒன்று வெளியிட்டது. அதில் பேஸ்பால்காரர்கள் பத்தே பேர். மிச்சம் மல்யுத்தம், படகு, பில்லியர்ட்ஸ், துப்பாக்கி. குறிபார்த்துச் சுடுவதில் பெயரெடுத்த ஆனி ஓக்லி என்ற பெண்மணியும் அதில் இருக்கிறார். அந்த அட்டையைத் திருப்பினால் வரிசையில் உள்ள மற்றவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். பட்டியலைப் பார்த்தவனுக்கு விடுபட்டது எது என்று அரிக்கும், இன்னொரு பாக்கெட் வாங்குவான். கடை வாசலில் நின்று, சிகரெட் வாங்கி வருகிறவர்களிடம் அட்டையை மட்டும் கேட்ட பையன்களின் கதை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்வது. நம் ஊரில் பபிள்கம்முக்குள் கிரிக்கெட்காரர் படம் வந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அதே காலத்தில் நியூயார்க்கில் குட்வின் கம்பெனி ஓல்ட் ஜட்ஜ் என்ற பிராண்டுக்கு அச்சிடாமல் நிஜப் புகைப்படங்களையே அட்டையில் ஒட்டித் தந்தது. ஸ்டூடியோவில் எடுத்த படங்கள். பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்டக்காரர் அதைப் பிடிப்பது போலவும் அடிப்பது போலவும் நிற்பார். சில படங்களில் அந்த நூல் நன்றாகவே தெரியும்.

1890-ல் டியூக், ஆலன் அண்ட் ஜின்டர், குட்வின் உட்பட ஐந்து பெரிய கம்பெனிகள் சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆயின. போட்டி இல்லாத இடத்தில் படம் கொடுப்பானேன்? அந்தப் பத்தாண்டில் அட்டைகள் அருகிவிட்டன. 1909-ல் அதே கம்பெனி மறுபடியும் பெரிய அளவில் பேஸ்பால் அட்டைகளை இறக்கியது. 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியைப் பிரிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. இந்த 1909–1911 வெளியீட்டைத்தான் சேகரிப்பாளர்கள் டி206 என்கிறார்கள். ஐந்நூற்றுச் சொச்சம் அட்டைகள். ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஏனென்றால் பின்பக்கம் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பின்பக்கத்தைப் படிக்கும் விதம்

டி206-ல் ஒரே முகத்துக்குப் பல பின்பக்கங்கள் உண்டு. மொத்தம் 16 பிராண்டுகளின் விளம்பரம். பீட்மாண்ட் நீலம், ஸ்வீட் கேப்பரல் சிவப்பு. இவை இரண்டும்தான் எங்கும் கிடைப்பவை. ஓல்ட் மில், சாவரின், போலார் பேர், டால்ஸ்டாய், சைக்கிள் என்று பட்டியல் நீளும். ஹிந்து என்றுகூட ஒரு பிராண்டு உண்டு. நம் மவுண்ட் ரோடு பத்திரிகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிரம், லெனாக்ஸ், உஸிட் போன்றவை அரிது. அதே ஆட்டக்காரர், அதே படம், அதே அளவு தேய்மானம். பின்னால் பீட்மாண்டுக்குப் பதில் டிரம் இருந்தால் விலை பல மடங்கு. முகத்தை மட்டும் படம் எடுத்து விற்கிறவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.

பிராண்டு பெயருக்கு அருகில் பேஸ்பால் வரிசை, இத்தனை படங்கள் என்று ஓர் எண் இருக்கும். 150 என்றால் முதல் சுற்றில் அச்சானது, 350 என்றால் அடுத்தது, 460 வந்தால் கடைசிச் சுற்று. இது கம்பெனி தன் பெருமைக்காகப் போட்ட எண், நமக்குக் காலம் காட்டுகிறது. அதற்கும் கீழே பொடி எழுத்தில் தொழிற்சாலை எண்ணும் வரி மாவட்டமும் இருக்கும். அமெரிக்க வரிச் சட்டப்படி புகையிலைப் பொட்டலத்தில் அது எந்தத் தொழிற்சாலைச் சரக்கு என்று குறிப்பிட வேண்டும். என்னிடம் உள்ள அட்டை ஸ்வீட் கேப்பரல், 350, தொழிற்சாலை எண் 30, நியூயார்க் இரண்டாம் மாவட்டம். முகத்தில் இருப்பவர் அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு பிட்சர், பந்து எறிகிறவர். அவரைப் பற்றி அட்டை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிறந்த ஊர், எடுத்த விக்கெட் மாதிரி ஏதாவது இருக்கும் என்று திருப்பினால் சிகரெட் புராணம்தான். போட்ட காசு எதற்கு என்பதில் கம்பெனிக்குக் குழப்பமே இல்லை.

உடம்பிலும் சில அடையாளங்கள் உண்டு. அமெரிக்கன் பியூட்டி பிராண்டின் பாக்கெட் ஒல்லி, அதனால் அந்தப் பின்பக்கம் உள்ள அட்டைகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலம் குறைவாக இருக்கும். யாரோ வெட்டிவிட்டார்கள் என்று அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். போலார் பேர் சிகரெட்டே அல்ல, பையில் வந்த உதிரிப் புகையிலை. அட்டை புகையிலையோடு ஒட்டிக் கிடந்ததால் பழுப்புக் கறை ஏறியிருக்கும். அந்தக் கறையைக் குறை என்று நினைத்துத் துடைக்கப் போகாதீர்கள், அது அட்டையின் ஜாதகம்.

லூப், கள்ளநோட்டு லைட், ஸ்கேல்

இனி அசலா நகலா என்ற விஷயம். டி206-க்கு நகல்கள் ஏராளம். நகல் என்று நேர்மையாகப் போட்டு விற்பதும் உண்டு, அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு டீத் தண்ணீரில் முக்கி எடுத்து விற்பதும் உண்டு. அச்சகத்தில் இருந்தவர்களுக்கு இதைப் பிடிப்பது கஷ்டமில்லை. மற்றவர்களும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள். சௌகார்பேட்டையில் நகைவேலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். விலை உயர்ந்தது வேண்டாம். முதலில் வீட்டில் கிடக்கிற ஏதாவது வாரப் பத்திரிகை அட்டையையோ பிஸ்கட் பாக்கெட்டையோ அதன் கீழ் வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு கலர் புள்ளிகள் வரிசை தவறாமல், சின்னச் சின்ன வளையம் கட்டி நிற்பது தெரியும். அச்சகத்தில் நாங்கள் ஸ்கிரீன் டாட் என்போம். இந்த வரிசை கண்ணில் பதியும்வரை பாருங்கள். இன்றைய நகல்கள் பெரும்பாலானவற்றில் இதுதான் இருக்கும்.

இப்போது அசலை வையுங்கள். என் அட்டையில் அந்த மனிதரின் கன்னத்தைப் பார்த்தால், இளஞ்சிவப்புப் புள்ளிகள் ஒழுங்கே இல்லாமல் சிதறிக் கிடக்கின்றன. கன்னத்து மேட்டில் நெருக்கமாக, தாடைக்கு இறங்க இறங்க விலகி. ஒன்று பெருத்து, ஒன்று சிறுத்து, இரண்டு ஒட்டிக்கொண்டு. ஒரு ஆள் உட்கார்ந்து கையால் வைத்த புள்ளிகள் அவை. லித்தோ ஆர்ட்டிஸ்ட், அதாவது கல்லச்சு ஓவியர், செய்த வேலை. தொப்பி ஓரத்தில் நீலம் கோட்டைத் தாண்டி மயிரிழை வெளியே போயிருக்கிறது. ரெஜிஸ்டர், அதாவது கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவது, கொஞ்சம் அவுட். நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு தாள் வந்தால் மெஷின்மேனுக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். கீழே பழுப்பு மையில் பெயரும் ஊரும். முக்கியமானது அந்த எழுத்துதான். அசலில் எழுத்து முழுக்க ஒரே மை, ஓரம் திடமாக இருக்கும், உள்ளே புள்ளி இருக்காது. நகலில் அதே எழுத்து சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளி கலந்து, ஓரம் பிசிறு தட்டியிருக்கும். நேரமில்லை, ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் எழுத்தைப் பாருங்கள்.

ஓல்ட் ஜட்ஜுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அது புகைப்படம், புள்ளியே இருக்கக் கூடாது. எந்த வகைப் புள்ளி தெரிந்தாலும் அது நகல்.

அடுத்து, மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் காட்டிப் பார்க்கிறார்களே, அந்த ஊதா லைட். ரிச்சி தெருவில் சின்ன டார்ச்சாகவே கிடைக்கும். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் பரவலாகச் சேர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். இருட்டறையில் அந்த லைட்டை அடித்தால் புதுக் காகிதம் நீலவெள்ளையாகப் பளீரென்று எரியும். 1910 அட்டை மங்கலாகவே கிடக்கும். பளிச்சிட்டால் நகல் என்று முடிவு கட்டலாம். பளிச்சிடாததால் மட்டும் அசல் ஆகிவிடாது. பழைய நோட்டுப் புத்தகத்தின் வெற்றுத் தாளைக் கிழித்து அச்சடிக்கிற கில்லாடிகளும் இருக்கிறார்கள்.

பிறகு ஸ்கேல். டி206 சுமார் 36 மில்லிமீட்டர் அகலம், 67 மில்லிமீட்டர் உயரம். மூலைகள் நைந்திருப்பது இயல்பு. ஆனால் நாலு மூலையும் ஒரே மாதிரி, ஒரே அளவு நைந்திருந்தால் உப்புத்தாளில் தேய்த்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் நைந்து ஓரம் மட்டும் கத்தி மாதிரி இருந்தால், நைந்த ஓரத்தை யாரோ வெட்டி நேராக்கியிருக்கிறார்கள். கட்டிங் மெஷின் பிளேடு விட்ட ஓரமும், நூறு வருஷம் கை பட்ட ஓரமும் விரல் நுனிக்கே வேறாகத் தெரியும்.

வெட்டுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். உலகத்திலேயே பெயர் பெற்ற பேஸ்பால் அட்டை அப்படி வெட்டப்பட்டதுதான். பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் அட்டை டி206 வரிசையில் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. தன் படம் சிகரெட்டோடு போவதை அவர் விரும்பவில்லை. சம்மதம் வாங்கித் தந்தால் பத்து டாலர் என்று ஒரு பத்திரிகையாளரிடம் கம்பெனி சொல்லியிருந்தது. வாக்னர் மறுத்துவிட்டு, உனக்கு நஷ்டம் வேண்டாம் என்று அந்தப் பத்து டாலருக்குத் தானே செக் அனுப்பினார் என்று 1912-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் செய்தி வந்தது. பிள்ளைகள் கெடக்கூடாது என்பதற்காக மறுத்தார் என்பவர்களும் உண்டு, பணம் தராததால் மறுத்தார் என்பவர்களும் உண்டு. வாக்னர் தாமே புகையிலை மெல்லுகிறவர் என்பதையும் சேர்த்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். இன்று அறுபது அட்டைகள் போலத்தான் மிச்சம். அவற்றில் பளபளப்பான ஒன்றை 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் ஒரு கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். 2007-ல் அதுவே 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013-ல், அதை முன்பு விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களை வெட்டியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டாத, நைந்த இன்னொரு வாக்னர் 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது. ஆகவே யாராவது வாக்னர் அட்டையைச் சல்லிசாகத் தருவதாக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், படத்தை ரசித்துவிட்டு நம்பரை பிளாக் செய்யுங்கள்.

நைந்த, புகழில்லாத ஆட்டக்காரர், பீட்மாண்ட் அல்லது ஸ்வீட் கேப்பரல் பின்பக்கம். இப்படித் தேடினால் சில ஆயிரம் ரூபாயில் அசல் ஒன்று கைக்கு வரும். மடிப்பு இருந்தால் இன்னும் மலிவு. எனக்கு மடிப்பு விழுந்தவைதான் பிடிக்கும், மடிப்பில் மை உடைந்து அடிக்காகிதம் தெரிவதால் அச்சைப் படிக்க வசதி.

சென்னையில் தேடினால் என்ன கிடைக்கும்

பேஸ்பால் அட்டை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காது. அங்கே, அல்லது திருவல்லிக்கேணி ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளில், அதிர்ஷ்டம் இருந்தால் கிடைப்பது இங்கிலாந்துச் சிகரெட் அட்டைகள். பிரிஸ்டலின் வில்ஸ் கம்பெனி அமெரிக்கர்களைப் பார்த்து இதே வேலையில் இறங்கி, 1896-ல் கிரிக்கெட்காரர்கள் என்று 50 அட்டைகள் வெளியிட்டது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1996-ல், வில்ஸ் பெயரிலேயே கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்து, சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் காலிறுதி ஆடின. பந்தும் மட்டையும் சிகரெட்டும் நூறு வருஷமாகப் பிரியாமல் இருந்ததை அந்த மேட்சுக்குப் போனவர்களே கவனித்திருக்க மாட்டார்கள்.

இங்கே கிடைப்பதில் நீங்கள் ஆசையோடு தேட வேண்டியது கத்தரி மார்க். வில்ஸின் சிசர்ஸ் பிராண்டு அட்டைகள் இந்தியா மாதிரி வெளிச் சந்தைகளுக்காகவே அச்சானவை. லண்டனில் கடைக்காரர் அலட்சியமாகத் தள்ளி வைப்பது நமக்கு ஊர்ச் சரித்திரம். இதையும் பின்பக்கம்தான் சொல்லும்.

சிக்கல் என்னவென்றால், இந்த அட்டைகள் பெரும்பாலும் ஆல்பத்தில் ஒட்டித்தான் வருகின்றன. பல்லாவரத்தில் ஒரு பையன், "அக்கா, வெள்ளைக்காரன் காலத்து ஐட்டம், பிரிக்காம அப்படியே எடுத்துக்குங்க" என்று ஓர் ஆல்பத்தை நீட்டினான். "தம்பி, ஒண்ணே ஒண்ணைத் திருப்பிப் பார்க்கட்டுமா?" என்றேன். திருப்ப முடியவில்லை, மைதா பசை போட்டு அழுத்தமாக ஒட்டியிருந்தது. பின்பக்கம் இல்லாத அட்டை எனக்குப் பாதி அட்டை, அந்தக் கணக்கில்தான் விலை பேசினேன். ஒட்டியதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்று இணையத்தில் வீடியோ இருக்கும். வேண்டாம். மை தாங்கினாலும் அட்டை அடுக்கு அடுக்காக ஊதிவிடும். பிளேயர்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் 1930-கள் அட்டைகளில் இன்னொரு வம்பு. ஈரம் தொட்டு ஆல்பத்தில் ஒட்டுவதற்காகப் பின்னால் பசை பூசியே வந்தவை பல. நம் ஊர்க் காற்றுக்கு வேறு ஈரம் எதற்கு? அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அப்படிக் கட்டியாகக் கிடைத்தால் கத்தி செருகாதீர்கள்.

சென்னைக் காற்றில் வைத்துக் காப்பது

ஊரில் யாரிடம் கேட்டாலும் வரும் முதல் யோசனை லேமினேஷன். ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டுக்குப் போடுகிற மாதிரி. லேமினேஷன் போட்ட அன்றே அட்டை செத்தது. சூட்டில் உருகிய பசை இழைக்குள் இறங்கிவிடும், யாராலும் திரும்ப எடுக்க முடியாது. செல்லோடேப், ஃபெவிகால், ரப்பர் பேண்டு மூன்றும் அதே ஜாதி.

மெல்லிய, வாசனை அடிக்கிற வழவழ பிளாஸ்டிக் உறையும் கூடாது. அது பிவிசி, வெயில் காலத்தில் வியர்த்து அட்டையில் ஒட்டும். தபால்தலைக்காரர்கள் பயன்படுத்தும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். உறைக்குப் பின்னால் தாங்கலுக்கு ஒரு கெட்டி அட்டை வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளில் அமிலம் இல்லாத அட்டை என்று கேளுங்கள். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை ஜன்னல் வெயிலில் சில வாரம் போட்டு வைத்துப் பாருங்கள், மலிவான மரக்கூழ் அட்டை மஞ்சளாகிவிடும்.

நமக்கு இரண்டு எதிரி. ஐப்பசி கார்த்திகை ஈரமும் இராமபாணப் பூச்சியும். மைதா பசை என்றால் இராமபாணத்துக்கு விருந்து, அதனால் சந்தையில் வாங்கிய ஆல்பத்தைப் பழைய சேகரிப்போடு சேர்ப்பதற்கு முன் தனி டப்பாவில் சில மாதம் வைத்துக் கவனியுங்கள். பாச்சை உருண்டையை அட்டை டப்பாவுக்குள் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீலத்திலிருந்து நிறம் மாறுகிற வகையாக இருந்தால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும். மழை நாளில் டப்பாவைத் திறந்து விருந்தாளிக்குக் காட்டாதீர்கள். பீரோவில் வைக்கலாம், ஆனால் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவாக இருக்கக் கூடாது, கீழ்த் தட்டும் கூடாது. 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்குக் கீழ்த் தட்டு ஏன் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. பரண் ரொம்பச் சூடு. நடுத்தட்டு, அவ்வளவுதான்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் அசலை மாட்டாதீர்கள், ஸ்கேன் எடுத்துப் பெரிதாக அச்சிட்டு மாட்டுங்கள். பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கேட்டாலும் ஸ்கேன்தான். அங்கே விளையாட்டு வீரர்கள் என்று மட்டும் தலைப்பு வைக்காமல் இது சிகரெட் விளம்பரம் என்று பெரிய எழுத்தில் போடச் சொல்வேன். 2003 சட்டப்படி நம் நாட்டில் புகையிலை விளம்பரத்துக்குத் தடை. 2016-லிருந்து பாக்கெட்டின் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம். அன்றைக்குப் படம் போட்டு விற்றார்கள், இன்றைக்குப் படம் போட்டுத் தடுக்கப் பார்க்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் தாமே கேள்வி கேட்பார்கள்.

வாங்குவதும் எழுதி வைப்பதும்

வாங்குவதற்கு முன் இலவசமாகப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1887 முதல் 1914 வரையிலான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகளை இணையத்தில் வைத்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் கொடுத்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துண்டுகள் இருக்கின்றன. மூட்டுவாதத்தில் விரல் மடங்கிப்போன நிலையிலும் அவர் வருஷக்கணக்கில் அங்கே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டி முடித்து, 1963-ல் முடித்த கொஞ்ச நாளில் இறந்துபோனார். டி206 என்றும், ஆலன் அண்ட் ஜின்டரின் உலகச் சாம்பியன்கள் வரிசைக்கு என்28 என்றும் நாம் சொல்லும் எண்ணெல்லாம் அவர் 1939-ல் தொடங்கிய பட்டியலிலிருந்து வந்தவை. என் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு, டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை.

அமெரிக்காவிலிருந்து வாங்கும்போது, தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்று சோதித்துக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து எண் ஒட்டியது முதல் அட்டைக்கு நல்லது. அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள், பிளாஸ்டிக்கையும் போலி செய்கிறார்கள். தரம் 1, அதாவது அடித் தரமே போதும். தபாலில் வந்தால் சுங்கமும் வரியும் மேலே ஏறும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வருகிறவர் கையில் கொடுத்து அனுப்பச் சொன்னால், பெட்டியில் துணிக்கு நடுவே வேண்டாம், ஒரு கெட்டிப் புத்தகத்துக்குள் வைத்துக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வந்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அட்டையில் எதுவும் எழுதக் கூடாது, பென்சிலால்கூட. முதல் பத்தியில் பட்டியல் எண். அடுத்து பின்பக்கப் பிராண்டு, மை நிறம், வரிசை எண், தொழிற்சாலை எண். அதற்கப்புறம்தான் ஆட்டக்காரர் பெயர். பிறகு அளவு, மடிப்பு, கறை எங்கே என்று ஒரு வரி, யாரிடம் வாங்கியது, தேதி. கடைசிப் பத்தியில் விலை, சுங்கம் தபால்செலவு எல்லாம் சேர்த்து. வீட்டில் கேட்டால் சொல்கிற விலை வேறாக இருக்கலாம், அது உங்கள் குடும்ப விஷயம். நோட்டில் நிஜ விலையை எழுதுங்கள், பிற்பாடு விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.